சின்ன அறையில் பிறந்த பெரிய அலை

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



முதல் வருஷம் சேர்ந்த நாளிலிருந்து நாம் ரெக்கார்டு நோட்டில் எத்தனை ஆயிரம் தடவை ஹெர்ட்ஸ், கிலோ ஹெர்ட்ஸ், மெகா ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்போம்? அந்தப் பெயர் ஒரு மனிதருடையது. அவர் நம்மைப் போல ஒரு பாலிடெக்னிக்கில் இருந்துதான் உலகத்தையே மாற்றினார். 36 வயதில் இறந்தும் போனார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு இரண்டாம் வருஷம் முடியும் வரை தெரியாது. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹாம் ரேடியோ மேல் ஆசை. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதிப் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கினால், நம் வீட்டிலிருந்தே உலகம் முழுக்கப் பேசலாம். தேர்வுக்குப் படித்துவிடலாம். செட்டைக் கூடக் கஷ்டப்பட்டுச் செய்துவிடலாம். ஆன்டெனாவுக்கு எங்கே போவது? 7 மெகா ஹெர்ட்ஸில் பேச வேண்டும் என்றால் அரை அலை டைப்போல் கம்பி ஏறக்குறைய 20 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். எங்கள் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. வாசலிலிருந்து பால்கனி வரை எண்ணி ஒன்பது எட்டு வைத்தால் முடிந்துவிடும். மொட்டை மாடியில் கம்பி கட்டலாமா என்று கேட்கப் போனேன். துணி காயப்போடுகிற கொடிக்கே சண்டை நடக்கிற இடம் அது. போன வேகத்தில் திரும்பி வந்தேன்.

கோபத்தில் நேராக நம் நூலகத்துக்குப் போய், சின்ன இடத்தில் ஆன்டெனா போடுவது எப்படி என்று தேட ஆரம்பித்தேன். ஆன்டெனாவின் சரித்திரத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு மனிதர் நிற்கிறார். உலகத்தின் முதல் ஆன்டெனாவைச் செய்தவர். என்ன ஆச்சரியம்! அவருக்கும் இடம்தான் பிரச்சினையாக இருந்திருக்கிறது. அவர்தான் ஹெர்ட்ஸ். அவர் கதையை நீங்களும் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கடைசல் பட்டறையில் ஒரு பையன்

ஹைன்ரிக் ருடால்ஃப் ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்தார். அப்பா வக்கீல், பிற்காலத்தில் அந்த நகரத்தின் செனட்டராகவும் ஆனவர். வசதியான குடும்பம். அவரும் நம்மைப் போல ஏழை வீட்டுப் பிள்ளை என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பொய். வீட்டில் புத்தகம் இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள், பணமும் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் என்பதால், இந்த வித்தியாசம் என் கண்ணில் உடனே பட்டது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் நம்ம ஆள்! சிறு வயதிலிருந்தே கையால் வேலை செய்வதில் அவருக்கு அப்படியொரு பிரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பள்ளிக்குப் போய் டிராயிங் கற்றுக்கொண்டார். மரவேலை கற்றார். லேத் ஓட்டக் கற்றார். கிரேக்கம், அரபி என்று மொழிகளையும் விடவில்லை. பின்னாளில் அவர் பேராசிரியர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, லேத் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி மிகவும் வருத்தப்பட்டாராம். எப்பேர்ப்பட்ட கடைசல்காரனாக வந்திருக்க வேண்டியவன், இப்படி வீணாகப் போய்விட்டானே என்று! ஒர்க்‌ஷாப் பிராக்டிகலைக் கட் அடிக்கிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும். அந்த லேத் பழக்கம் இல்லாவிட்டால் பிற்காலத்துச் சோதனைகளுக்கு வேண்டிய கருவிகளை அவர் தன் கையாலேயே செய்திருக்க முடியாது.

இஞ்சினியரா, விஞ்ஞானியா?

1875-ல் பள்ளிப் படிப்பை முடித்தவர், கட்டுமான இஞ்சினியர் ஆகலாம் என்று பிராங்ஃபர்ட் நகரத்துக்குப் பயிற்சிக்குப் போனார். அடுத்து டிரெஸ்டன் பாலிடெக்னிக்கில் கொஞ்ச நாள். பிறகு ஒரு வருஷம் பெர்லினில் ரயில்வே படைப்பிரிவில் ராணுவ சேவை. அதன்பின் இஞ்சினியரிங் தொடர மியூனிக் வந்து சேர்ந்தார். அங்கே மனசு ஒத்துழைக்கவில்லை. இயற்பியல்தான் தன் வழி என்று தோன்றியது. வீட்டுக்குக் கடிதம் எழுதி அப்பாவிடம் அனுமதி கேட்டார். அப்பாவும் சம்மதித்தார். அப்போது அவருக்கு வயது 20. என்ன படிப்பது என்று குழம்புவது நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல நண்பர்களே!

1878-ல் பெர்லின் பல்கலைக்கழகம். அங்கே இரண்டு பெரிய ஆசிரியர்கள். ஒருவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இன்னொருவர், முதல் வருஷத்திலேயே நம்மை ஆட்டிவைத்த மின்சுற்று விதிகளின் சொந்தக்காரர் கிர்ச்சாஃப்! பெர்லினுக்கு வந்த அடுத்த வருஷமே ஹெர்ட்ஸ் ஒரு ஆராய்ச்சிப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1880-ல், 23 வயதில், டாக்டர் பட்டம்.

அந்தக் காலத்தில் மின்சாரத்தைப் பற்றி ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மின்விசை ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு நடுவில் எதுவும் இல்லாமல் நொடியில் தாவுகிறது என்பது ஜெர்மானியர் பலருடைய கட்சி. இல்லை, அது நடுவில் உள்ள வெளி வழியாக ஒளியின் வேகத்தில் அலையாகப் போகிறது, ஒளியே அப்படிப்பட்ட அலைதான் என்பது ஸ்காட்லாந்துக்காரர் மாக்ஸ்வெல் போட்ட கணக்கு. 1865-ல் அவர் அந்தக் கணக்கை வெளியிட்டார். ஆனால் அலையை யாரும் கண்ணால் கண்டதில்லை, கருவியில் பிடித்ததும் இல்லை. 1879-ல் மாக்ஸ்வெல் 48 வயதில் இறந்துபோனார். தன் கணக்கு மெய்ப்பிக்கப்பட்டதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதே 1879-ல் பெர்லின் அகாடமி இது தொடர்பான ஒரு கேள்விக்குப் பரிசு அறிவித்தது. நீ செய்து பார் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் மாணவரைத் தூண்டினார். ஹெர்ட்ஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். கையில் இருக்கிற கருவிகளை வைத்து அவ்வளவு வேகமான மின் அதிர்வுகளை உண்டாக்க முடியாது என்று தெரிந்தது. மரியாதையோடு மறுத்துவிட்டார். ஆனால் கேள்வியை மறக்கவில்லை. ஏழு வருஷம் மனசுக்குள் வைத்திருந்தார்!

பாலிடெக்னிக் வாத்தியார்

ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்துவிட்டு 1883-ல் கீல் நகரத்துக்குப் போனார். அங்கே சொல்லிக்கொள்ளும்படி சோதனைக்கூடம் கிடையாது. காகிதமும் பேனாவும்தான். மாக்ஸ்வெல் கணக்கை ஆழமாகப் படித்தார். 1885-ல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். வயது 28. 1825-ல் பாலிடெக்னிக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. அடுத்த வருஷம், சக ஆசிரியர் ஒருவரின் மகள் எலிசபெத் டோல் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

1886. வகுப்பில் செய்து காட்டுவதற்கென்று அலமாரியில் பழைய கம்பிச் சுருள்கள் ஒரு ஜோடி இருந்தன. ஒரு சுருளில் மின்னிறக்கம் செய்தபோது, பக்கத்தில் தனியாக இருந்த இன்னொரு சுருளின் இடைவெளியில் சின்னதாகப் பொறி தட்டியது. இரண்டையும் இணைக்கக் கம்பி எதுவும் இல்லை. வேறு யாராவது என்றால் மணி அடித்ததும் கருவியை எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஹெர்ட்ஸுக்கு ஏழு வருஷத்துக்கு முந்தின கேள்வி ஞாபகம் வந்தது. தேடிக்கொண்டிருந்த அதிவேக அதிர்வு இதோ கண்ணெதிரே!

அதற்கு மேல் அவருக்குத் தூக்கம் ஏது? நேரான ஒரு செம்புக் கம்பியை நடுவில் வெட்டிச் சின்ன இடைவெளி விட்டார். இடைவெளியின் இரு பக்கமும் இண்டக்‌ஷன் காயிலை இணைத்தார். காயில் கொடுக்கிற உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கும். பறக்கும்போது கம்பியில் மின்சாரம் முன்னும் பின்னும் அலைபாயும். கம்பியின் இரண்டு முனைகளிலும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள துத்தநாகக் குண்டுகளை மாட்டினார். இதுதான் உலகின் முதல் டிரான்ஸ்மிட்டர், முதல் டைப்போல்.

அந்தக் குண்டுகள் எதற்கு? இங்கேதான் என் அடுக்குமாடிப் பிரச்சினைக்குப் பதில் இருந்தது. கம்பியின் முனையில் குண்டோ தகடோ மாட்டினால் கெபாசிட்டன்ஸ் கூடும். கெபாசிட்டன்ஸ் கூடினால் ஒத்ததிர்வு அதிர்வெண் குறையும். அதாவது குட்டையான கம்பியே நீளமான கம்பி போல நடந்துகொள்ளும்! அடுத்து அவர் செய்த கருவியில் 60 சென்டிமீட்டர் கம்பியும் இரண்டு பக்கமும் 40 சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடுகளும்தான். முனைக்கு முனை மொத்தம் ஒன்றரை மீட்டர் கூட இல்லை. ஆனால் அது கிளப்பிய அலையின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். தகடு இல்லாமல் வெறும் கம்பியால் செய்திருந்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர் தேவைப்பட்டிருக்கும். இன்றைக்கு இடமில்லாத ஹாம்கள் தங்கள் குட்டை ஆன்டெனாவின் உச்சியில் தொப்பி மாதிரி கம்பிச் சக்கரம் மாட்டுகிறார்களே, அதன் மூல வடிவம் இதுதான்.

அலையைப் பிடிக்கும் கருவி இன்னும் எளிமை. 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக வளைத்த ஒரு கம்பி. அதில் மயிரிழை இடைவெளி. அவ்வளவுதான்! டையோடு இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை, மீட்டர் இல்லை. இருட்டறையில் உட்கார்ந்து, அந்த இடைவெளியில் பொறி தட்டுகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பொறியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. இன்று பால்கனிக் கம்பியில் வட்டமாகத் தொங்கவிடுகிற லூப் ஆன்டெனாவுக்கும் இந்த வட்டம்தான் பாட்டன்.

வழியில் கிடைத்த புதையல்

1887-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பொறி நன்றாகத் தெரியட்டும் என்று பிடிக்கும் கருவியை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார். பார்த்தால் பொறி குட்டையாகிவிட்டது! என்னடா இது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். நடுவில் கண்ணாடி வைத்தால் பொறி குறைகிறது. குவார்ட்ஸ் வைத்தால் குறையவில்லை. பெரிய பொறியிலிருந்து வரும் புற ஊதா ஒளிதான் சின்னப் பொறிக்கு உதவுகிறது என்று கண்டுபிடித்து, விவரமாக எழுதி வெளியிட்டுவிட்டு, தன் அலை வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் வழியில் கண்டெடுத்துக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பொருள்தான் ஒளிமின் விளைவு. 1905-ல் ஐன்ஸ்டீன் அதற்கு விளக்கம் தந்தார். 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அதற்காகத்தான் கிடைத்தது.

இடிக்கிற சுவர்கள்

1888. அலை இருக்கிறது என்றால் அதன் நீளத்தை அளக்க வேண்டும். அதற்குக் கல்லூரியில் இருந்த பெரிய இடமே பாடம் நடத்தும் ஹால்தான். நீளம் 15 மீட்டர், அகலம் 14 மீட்டர், உயரம் 6 மீட்டர். இரண்டு பக்கமும் இரும்புத் தூண் வரிசை. தொங்கிய கேஸ் விளக்குகளைக் கழற்றினார். எதிர்ச் சுவரில் 4 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலத்துக்குத் துத்தநாகத் தகடு அடித்தார். அலை போய்த் தகட்டில் மோதித் திரும்பும். போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து நிலை அலை உண்டாகும். வட்டக் கம்பியை நகர்த்திக்கொண்டே போனால் சில இடத்தில் பொறி பலமாக, சில இடத்தில் பொறியே இல்லாமல்! அந்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் அரை அலைநீளம். மூன்றாம் வருஷ மைக்ரோவேவ் லேபில் ஸ்லாட்டட் லைன் வைத்து நாம் செய்கிற அதே சோதனை. நமக்கு மேஜை மேல் நடப்பது அவருக்கு ஹால் முழுக்க நடந்தது.

அலை இருப்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. ஆனால் அளவில் ஒரு முள் குத்தியது. கம்பி வழியாகப் போகும் அலையை அளந்தபோது அரை அலைநீளம் 2.8 மீட்டர். காற்றில் அளந்தபோது 4.8 மீட்டர். மாக்ஸ்வெல் கணக்குப்படி இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். யாருடைய கணக்கு சரி என்று உலகத்துக்குக் காட்டப் புறப்பட்டாரோ, அந்தக் கணக்கோடேயே அவர் அளவு ஒட்டவில்லை!

நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணம் சொல்கிறேன். அந்த வாரம்தான் நான் ஸ்லாட்டட் லைன் சோதனையைச் செய்திருந்தேன். குறைந்தபட்சப் புள்ளிகளுக்கு நடுவே சுமார் 2.2 சென்டிமீட்டர் வர வேண்டிய இடத்தில் எனக்கு 1.9, 2.6 என்று தாறுமாறாக வந்தது. நான் என்ன செய்தேன்? நாம் எல்லோரும் செய்வதைத்தான். சீனியர் ரெக்கார்டை வாங்கி, விடையிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, அழகான ரீடிங்குகளை எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பத்துக்குப் பத்து.

ஹெர்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. செய்திருக்கலாம். அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த ஆளே அன்று உலகத்தில் அவர் ஒருவர்தான். 4.8-ஐ 2.8 ஆக்கினால் யாருக்குத் தெரியும்? ஆனால் வந்ததை வந்தபடியே அச்சில் கொடுத்தார். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். 1892-ல் தன் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தவறு எங்கே நேர்ந்திருக்கலாம் என்று அவரே முன்னுரையில் பட்டியல் போட்டார். ஹாலின் சுவர்கள், இரும்புத் தூண்கள், அலை போகும் வழியில் நின்ற இரும்பு அடுப்பு. அதாவது, இடம் போதவில்லை. அவ்வளவு நீளமான அலைக்கு அந்த ஹால் சின்னது. 1893-ல் ஜெனீவாவில் சரசின், டி லா ரிவ் என்ற இருவர் மிகப் பெரிய கூடத்தில் அதே சோதனையைச் செய்தார்கள். காற்றிலும் கம்பியிலும் வேகம் ஒன்றே என்று வந்தது. மாக்ஸ்வெல் சரி. ஹெர்ட்ஸ் சந்தேகப்பட்டதும் சரி. தன் தவறான அளவை அவர் மறைத்திருந்தால், அந்தத் தவறைத் தேடிப் பிடிக்க யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

இடம் சின்னதா? அலையைச் சின்னதாக்கு!

ஹால் பெரிதாகாது என்று தெரிந்ததும் அவர் பிடித்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அறையைப் பெரிதாக்க முடியாது, அலையைச் சின்னதாக்கலாமே! குண்டையும் தகட்டையும் தூக்கிப் போட்டார். 26 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள பித்தளை உருளையை நடுவில் பிரித்து இடைவெளி விட்டார். அலைநீளம் 66 சென்டிமீட்டராகக் குறைந்தது. இன்றைய கணக்கில் 450 மெகா ஹெர்ட்ஸ் பக்கம்; ஹாம்கள் 70 சென்டிமீட்டர் பட்டை என்கிறார்களே, அதற்குப் பக்கத்து வீடு.

2 மீட்டர் உயரத்தில் துத்தநாகத் தகட்டை வளைத்துப் பரவளைய ஆடிகள் இரண்டு செய்தார். ஒன்று அனுப்ப, ஒன்று பிடிக்க. அலை நேர்கோட்டில் போயிற்று. தகட்டில் பட்டுக் கண்ணாடியில் ஒளி திரும்புவது போலத் திரும்பிற்று. நடுவே இருந்த மரக் கதவைச் சாத்தினார்; சாத்திய கதவைத் தாண்டி அடுத்த அறையில் பொறி தட்டிற்று! 600 கிலோ கீலில் ஒன்றரை மீட்டர் உயரப் பட்டகம் வார்த்தார். அலை அதில் வளைந்து சென்றது. கம்பிகள் கட்டிய சட்டத்தை நடுவே பிடித்தார். ஒரு திசையில் அலை நின்றது, திருப்பிப் பிடித்தால் புகுந்து போயிற்று. ஒளி செய்கிற அத்தனையையும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத அலை செய்து காட்டியது. 1888 டிசம்பரில் கட்டுரை வெளிவந்ததும் பல வருஷச் சண்டை முடிவுக்கு வந்தது. 1890-ல் லண்டன் ராயல் சொசைட்டி ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்துப் பாராட்டியது. அத்தனைக்கும் அவர் அலையை அனுப்பிய அதிகபட்ச தூரம் 16 மீட்டர் அளவுதான்!

ஒரு கண்டம் அளவு ஆடி

1889 டிசம்பரில் ஹூபர் என்ற இஞ்சினியர் அவருக்குக் கடிதம் எழுதினார். இந்த அலை வழியாகத் தொலைபேசிப் பேச்சை அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஹெர்ட்ஸ் முடியாது என்று பதில் போட்டார். அவர் கணக்கு இதுதான். குரலின் அதிர்வு வினாடிக்கு ஆயிரம் என்றால் அலைநீளம் 300 கிலோமீட்டர் வரும். அதைக் குவிக்க ஒரு கண்டம் அளவுக்கு ஆடி வேண்டும்!

கணக்கில் தப்பே இல்லை. ஆனால் வேகமான அலையின் முதுகில் குரலை ஏற்றி அனுப்பலாம் என்ற மாடுலேஷன் யோசனை அவருக்கு வரவில்லை. இரண்டாம் வருஷப் பையன் தூக்கத்தில் சொல்லுகிற விடை, அலையைக் கண்டுபிடித்தவருக்கே தோன்றவில்லை! இதை அவரை மட்டம் தட்ட எழுதவில்லை. பெரிய மேதைக்கும் ஒரு எல்லை உண்டு, அதற்கு அந்தப் பக்கம் நடக்க அடுத்த ஆள் வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அந்த அடுத்த ஆள் நம்மில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

சீக்கிரம் அணைந்த விளக்கு

1889-ல் பான் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். புகழ் வந்தது, கூடவே நோயும் வந்தது. பல், மூக்கு, தாடை என்று தீராத வலி. பற்களை எல்லாம் பிடுங்கியும் தீரவில்லை. 1892-க்குப் பிறகு பல முறை ஆபரேஷன். படுக்கையிலும் இயந்திரவியலைப் பற்றி ஒரு புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1894 ஜனவரி 1. உலகம் புத்தாண்டு கொண்டாடிய நாளில் ஹெர்ட்ஸ் கண்மூடினார். ஹாம்பர்க்கில் அடக்கம் செய்தார்கள். 37 வயது ஆக இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஜோஹன்னா, மத்தில்டே என்று இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். புத்தகம் அவர் போன பிறகு வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் ஆசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மாணவனுடைய கடைசிப் புத்தகத்துக்கு ஆசிரியர் முன்னுரை எழுதுவதை விடக் கொடுமை உண்டா? அதே வருஷம் செப்டம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அலை நிற்கவில்லை. அந்த 1894-லேயே ஆலிவர் லாட்ஜ் லண்டனில் ஹெர்ட்ஸின் வேலையைச் செய்து காட்டிச் சொற்பொழிவாற்றினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் நம் ஜகதீஷ் சந்திர போஸ் அலையை இன்னும் சுருக்கி மில்லிமீட்டர் கணக்குக்குக் கொண்டுவந்தார். இத்தாலியில் மார்க்கோனி என்ற 20 வயதுப் பையன் ஹெர்ட்ஸைப் பற்றிப் படித்துவிட்டு, தன் வீட்டுப் பரணில் சோதனையை ஆரம்பித்தான். 1901-ல் அந்தப் பரண் அலை அட்லாண்டிக் கடலைத் தாண்டியது.

ஹெர்ட்ஸின் அப்பா யூத வம்சத்தில் வந்தவர் என்பதால், ஹிட்லர் ஆட்சியில் குடும்பத்துக்குச் சோதனை வந்தது. உயிரியல் அறிஞரான மகள் மத்தில்டேயின் வேலை பறிபோனது. மனைவியும் மகள்களும் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். மனிதர்களைத் துரத்தலாம், பெயரைத் துரத்த முடியுமா? வினாடிக்கு இத்தனை சைக்கிள் என்று சொல்லிக்கொண்டிருந்த அளவுக்கு 1930-ல் சர்வதேச மின்தொழில்நுட்பக் குழு ஹெர்ட்ஸ் என்று பெயரிட்டது. 1960-ல் அது உலகம் முழுதுக்கும் பொது அலகானது.

என் பால்கனியில்

இப்போது என் கதைக்கு வருகிறேன். பால்கனிக் கம்பியில் ஒரு பழைய பிளாஸ்டிக் குழாயைச் சட்டமாகக் கட்டி, செம்புக் கம்பியை வட்டமாகச் சுற்றி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரை மாட்டியிருக்கிறேன். லைசென்ஸ் வரும் வரை பேசக் கூடாது. அதனால் ஷார்ட்வேவில் கேட்பதோடு சரி. 20 மீட்டர் கம்பிக்கு இது ஈடாகுமா என்றால் ஆகாது. சின்ன ஆன்டெனா சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக விழுங்கிவிடும். அதிர்வெண்ணைக் கொஞ்சம் மாற்றினாலும் திரும்ப டியூன் பண்ண வேண்டும். பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் போடுகிற இரைச்சல் தனி. வட்டத்தைத் திருப்பி வைத்தால் சில இரைச்சல் குறையும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல், எங்கோ இருந்து ஒரு குரல் இரைச்சலுக்குள்ளிருந்து மெதுவாக மேலே வரும். கம்பி சுற்றுவதைப் பார்த்துச் சிரித்த அம்மா, ஒரு ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். யார் பேசுவது, எந்த ஊர் என்றார்கள். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

இன்னொரு காரியமும் செய்தேன். ஸ்லாட்டட் லைன் சோதனையைத் திரும்பச் செய்ய அனுமதி கேட்டேன். ஏன் என்று ஆசிரியர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் திட்டவும் செய்தார். பிறகு பக்கத்திலேயே நின்று பார்த்தார். கடைசியில் புரிந்தது: புரோபை நான் அளவுக்கு மேல் உள்ளே இறக்கியிருந்தேன், அது நிலை அலையையே கலைத்துக்கொண்டிருந்தது. மேலே தூக்கினதும் ரீடிங் ஒழுங்காக வந்தது. முதலில் வந்த தப்பான ரீடிங்கையும், அதன் காரணத்தையும், சரியான ரீடிங்கையும் சேர்த்தே எழுதச் சொன்னார். என் ரெக்கார்டில் இப்போது அந்தப் பக்கம்தான் அசிங்கமாக இருக்கிறது, அடித்தலும் திருத்தலுமாக. மூன்று வருஷத்தில் நான் நிஜமாகவே கற்றுக்கொண்ட பக்கமும் அதுதான்.

நண்பர்களே! ஹெர்ட்ஸுக்குக் கிடைத்த வசதி நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு ஹாலுக்குள் அடைபட்டு, சுவர் இடித்தபோதும் அளந்ததை அளந்தபடியே எழுதிய அந்தக் குணத்துக்குக் காசு தேவையில்லை. அடுத்த முறை ரெக்கார்டில் ஹெர்ட்ஸ் என்று எழுதும்போது, இருட்டறையில் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதுங்கள்.